நாய் தாங்கும், பூனை தாங்காது

நேயர்களுக்கு வணக்கம். பூனை வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி சொல்வது இது: "சாப்பிட்டு மூணு நாளாச்சு டாக்டர். குண்டாத்தானே இருக்கு, கொஞ்சம் இளைக்கட்டும்னு விட்டுட்டோம்." கேட்கும்போதே எனக்குப் பகீரென்று இருக்கும். குண்டுப் பூனையைப் பட்டினி போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன், இடையிடையே திரும்பவும் சொல்வேன்.

மாடு, ஆட்டின் கதை வேறு. நான் பேசுவது அசைபோடாத நாய், பூனை, பன்றி பற்றி. தீனி நின்றதும் இவற்றின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். உடனே கணையம் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டும். கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் மாவுப்பொருளான கிளைக்கோஜன் சர்க்கரையாக மாறி இரத்தத்துக்கு வரும்.

கல்லீரலுக்கு இந்த வேலை உண்டு என்று காட்டியவர் பிரான்சின் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை. விலங்கு சர்க்கரை தயாரிக்காது, தாவரத்திலிருந்துதான் பெறும் என்று நம்பிய காலம் அது. 1855இல், இறைச்சி மட்டுமே தின்ற ஒரு நாயின் கல்லீரலை எடுத்தார். இரத்தக் குழாய் வழியே 40 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு அலசினார். சர்க்கரை துளியும் இல்லை. அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் அதே கல்லீரலில் ஏராளமாகச் சர்க்கரை! உள்ளேயே ஏதோ இருப்பு இருக்கிறது என்று விடாமல் தேடி, 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார்.

அந்த இருப்பு தீர்ந்தபின்? இன்சுலின் தாழ்ந்திருப்பதால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வரும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தசைப் புரதத்தை உடைத்துக் கொடுக்க, கல்லீரல் அதிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யும். தைராய்டு ஹார்மோன் தணிந்து செலவைக் குறைக்கும். நல்ல நிலையில் உள்ள நாய் இப்படிப் பல நாள் தாக்குப்பிடிக்கும்.

பூனை அப்படியில்லை. அது முழு ஊனுண்ணி. பட்டினியிலும் புரதச் செலவை அதனால் பெரிதாகக் குறைக்க முடியாது. குண்டுப் பூனை என்றால் கொழுப்பு வெள்ளமாக வந்து கல்லீரலில் தேங்கிவிடும். காது மடலின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள், ஈறைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அது காமாலை, தாமதம் கூடாது. வைத்தியத்தில் முதலிடம் உணவுக்குத்தான். தானாகத் தின்னாவிட்டால் குழாய் வைத்தாவது ஊட்ட வேண்டும். மஞ்சள் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லையா, மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பன்றி வளர்ப்போருக்கு ஒரே ஒரு வார்த்தை. பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். கிளைக்கோஜனும் ஒரு நாளில் கரைந்துவிடும். ஈன்றதும் குட்டிகளைத் துடைத்து, விளக்கு போட்டுச் சூடு கொடுத்து, சீம்பால் குடிக்க விடுங்கள். வலுவில்லாத குட்டியை முதலில் காம்பில் சேருங்கள். வணக்கம்.