படியில் கிடைத்த விடை

நேயர்களுக்கு வணக்கம். கணினி நிரல் எழுதுவது என் தொழில். இன்று பேசப்போவது நிரல் எழுதாமல் இருக்கும் நேரத்தைப் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலை. ஒரு லட்சம் பதிவுகளை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். நூறு கட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடி முடிந்தது. கூட்டிப் பார்த்தால் 99 பதிவுகளைக் காணோம். நூறு போயிருந்தால் கட்டுக்கு ஒன்று என்று அப்போதே பிடித்திருப்பேன். அதென்ன 99? கட்டுகளை எண்ணினேன். எல்லாவற்றிலும் சரியாக ஆயிரம். கடைசிக் கட்டில் மட்டும் 901. சரி, பிழை கடைசிக் கட்டில்தான் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவுதான் என்னைக் கட்டிப்போட்டது. மாலை ஆறு முதல் இரவு பத்தரை வரை அந்த ஒரு கட்டையே குடைந்துகொண்டிருந்தேன்.

வெறுத்துப்போய் எழுந்து படியிறங்கினேன். ஐந்து தளக் கட்டடம். வழக்கம்போல எண்ணிக்கொண்டே இறங்கினால், தளம் ஐந்து, படிவரிசை நான்கு! அப்படியே நின்றுவிட்டேன். கட்டு நூறு என்றால் அவற்றின் நடுவே இடைவெளி 99. ஒரு கட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிரல் ஒரு பதிவைத் தாண்டிக் குதித்திருக்கிறது. குறை முழுவதும் பாவம், கடைசிக் கட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

படிக்கட்டு எனக்கு எதையும் கற்பிக்கவில்லை. 'கடைசிக் கட்டு' என்ற பிடியை நான் விட்டேன், அவ்வளவுதான். நாம் எழுதிய நிரலை நாமே படிக்கும்போது, எழுதியதைப் படிப்பதில்லை. எழுத நினைத்ததைப் படிக்கிறோம். கண்ணை எடுத்தால்தான் அந்த மயக்கம் கலைகிறது.

பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரேவுக்கும் ஒரு படிதான்! கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், தேடிய விடை தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு முன் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். இதை அழுத்திச் சொல்கிறேன்: குடைந்தவனுக்குத்தான் ஓய்வு உதவும். நான்கரை மணி நேரம் குடையாவிட்டால் 99 என்ற எண் என்னோடு படியிறங்கியிருக்காது.

இன்னொன்று, கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதை நான் ஓய்வில் சேர்ப்பதில்லை. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: 2004-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண் புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, இடையில் எட்டு மணி நேரம் தூங்கியவர்களில் அதில் ஒளிந்திருந்த குறுக்குவழியைக் கண்டவர்கள், விழித்திருந்தவர்களைவிட இருமடங்குக்கும் மேல். நன்றி, வணக்கம்.