சளி பிடித்தால் தயிர் ஆகாதா?

[காட்சி: வேலூர்க் கோட்டை அகழி. மார்கழிக் காலை. தண்ணீர்மேல் பனி.]

வெயிலுக்குப் பேர்போன நம்ம வேலூரிலும், மார்கழி வந்தால் காதைப் பொத்திக்கொண்டுதான் டீக்கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. மூக்கு ஒழுகிய அன்றே வீட்டில் உத்தரவு வந்துவிடும்: தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தலைக்கு ஊற்றாதே. கூடவே, "ரசம் வெச்சிருக்கேன், சூடா குடி" என்றும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பாட்டி 'ஆகும்' என்று சொன்னதில் பெரும்பாலும் சரி. 'ஆகாது' என்று சொன்னதில்தான் பாவம், பல பேர் செய்யாத குற்றத்துக்கு மாட்டியிருக்கிறார்கள்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். 200 வகைக்கு மேல் உண்டு. அதில் அடிக்கடி வருவது ரைனோவைரஸ். பஸ்ஸில் பக்கத்தில் தும்மியவரிடமிருந்து வந்திருக்கும், தயிர்ச் சட்டியிலிருந்து இல்லை. எதைச் சாப்பிட்டாலும் அது போக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களைக் கொஞ்சம் லேசாக்கத்தான் சாப்பாடு.

[காட்சி: அம்மியில் மிளகு, சீரகம், பூண்டு நுணுங்குகிறது.]

நாட்டுக்கோழி ரசத்தைப் பாருங்கள். எலும்போடு கொதித்த சாறு, மேலே மஞ்சளாக எண்ணெய் மினுங்கும். டம்ளரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ஆவி ஏறும். இரண்டாவது வாயில் மூக்கு ஒழுகத் தொடங்கும். அது நல்லதுதான், மிளகுக் காரம் நரம்பைத் தூண்டி நீர் சுரக்கவைக்கிறது, கெட்டிச் சளி இளகுகிறது. காய்ச்சலில் இழந்த தண்ணீரும் உப்பும் அதே டம்ளரில் திரும்பி வருகின்றன.

அமெரிக்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் என்ற மருத்துவர், தன் மனைவியின் பாட்டி சொன்ன பக்குவத்தில் வைத்த கோழி சூப்பை ஆய்வகத்துக்கே கொண்டுபோனார். அழற்சியில் பங்குபெறும் ஒருவகை வெள்ளணுக்களின் நகர்வை அந்தச் சூப் மட்டுப்படுத்தியது என்று 2000-இல் எழுதினார். ஆனால் அது ஆய்வகத்தில் பார்த்தது, ஆட்களிடம் சோதித்தது இல்லை. அதனால் 'நிரூபிச்சாச்சு' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். கோழி சாப்பிடாதவர்களுக்குக் கொள்ளு ரசம், தூதுவளை ரசம், சுக்கு காபி, வெதுவெதுப்பான கேழ்வரகுக் கஞ்சி, எல்லாம் சரி.

அப்புறம், பால். ஆஸ்திரேலியாவில் ஆட்களுக்கு ரைனோவைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் கணக்கெடுத்தார்கள். 1990-இல் வந்த முடிவு: பால் அதிகம் குடித்தவருக்குச் சளி அதிகமாகவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகப் படிவதைத்தான் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். தயிரும் சாப்பிடலாம், ஃபிரிட்ஜ் குளிர்ச்சி தொண்டையில் உறுத்தினால், கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். வாழைப்பழத்தின் மேலும் வழக்கு இல்லை. சாப்பாடே பிடிக்காத குழந்தைக்கு அது வரப்பிரசாதம்.

[காட்சி: கொய்யாப்பழத் தள்ளுவண்டி.]

வைட்டமின் சி மாத்திரையைச் சளி பிடித்த பிறகு தொடங்கினால் பெரிய பலன் இல்லை. கொய்யா, நெல்லிக்காயைத் தினமும் சாப்பிட்டு வருவது நல்லது. ஆரஞ்சை விட இரண்டிலும் அந்தச் சத்து அதிகம்.

ஜவ்வாது மலைத் தேன் கிடைத்தால் இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் போதும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கித் தசைகளை முடக்கிவிடும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உண்மையிலேயே ஆகாதது ஒன்று உண்டு: மிளகுத்தூள் போட்ட பிராந்தி. உடம்பு சூடான மாதிரி தெரியும், ஆனால் தூக்கம் கெடும், உடம்பில் தண்ணீர் குறையும். சளி மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. முறுக்கும் மிக்சரும் சளியை வளர்க்காது, புண்பட்ட தொண்டையை உரசும், அவ்வளவுதான்.

மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை எதையும் குடிக்க மறுத்தாலோ, ரசத்தை நம்பி உட்கார வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

[காட்சி: ஆம்பூர் பிரியாணி அண்டா, மூடி திறக்கிறது.]

ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா என்றால், தடை இல்லை. ஆனால் ருசியில் பெரும்பங்கு மூக்கு வழியாகத்தான் தெரிகிறது. அடைத்த மூக்கோடு சீரக சம்பா பிரியாணி தின்பது காசுக்குக் கேடு. மூக்கு திறக்கட்டும், நானும் வருகிறேன்.