கென்சிங்டனில் பார்த்த சட்டைகள்

நேயர்களே, வணக்கம். வானொலியில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தையல்காரிக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைத்து முடியாது. சரி, பார்ப்போம்.

2018-இல் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இளவரசி டயானா குடியிருந்த கென்சிங்டன் அரண்மனையிலேயே அவருடைய உடுப்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், அவர் இறந்து இருபது வருடமான 2017-இல் திறந்த காட்சி. உள்ளே ஒரே மங்கல். ஏன் இவ்வளவு இருட்டு என்று மகள் கேட்டாள். பட்டும் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் அல்லவா? கொடியில் இரண்டு நாள் மறந்துவிட்ட சேலையின் ஒரு பக்கம் எப்படி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆரம்பத்தில் ஒரு வெளிர் ரோஸ் சிஃபான் பிளவுஸ், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு. கல்யாணம் நிச்சயமான நேரம் படம் எடுக்கப் போட்டது. தைத்தவர்கள் இமானுவல் தம்பதி, கல்யாணச் சட்டையும் அவர்கள் கைவேலைதான். அந்தக் கல்யாணச் சட்டை அங்கே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1981 ஜூலை 29 கல்யாணம். எங்கள் வீட்டில் ரீவி இல்லை, பேப்பரில் வந்த படம்தான். அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, இப்படிக் கசங்கிக் கிடக்குது, அரண்மனையில அயன் பண்ண ஆளில்லையா?" என்றா. அயன் பண்ணாமல் இல்லை. டஃபெட்டா என்கிற விறைப்பான பட்டு, பின்னால் இழுபடுகிற வால் மட்டும் 25 அடி. நாங்கள் கட்டுகிற சேலையே 18 அடிதான், யோசித்துப் பாருங்கள். அதைச் சின்னக் குதிரை வண்டிக்குள் சுருட்டி வைத்து, பக்கத்தில் டயானாவின் அப்பாவும் உட்கார்ந்தால் கசங்காமல் என்ன செய்யும்?

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் ஒரு பறங்கியர் வீட்டுப் பெண், பப் கை வைத்து, வாலும் வைத்துத் தைக்கச் சொல்லி அம்மாவிடம் வந்தா. அம்மா சண்டை பிடித்து வாலை எட்டடிக்குக் குறைத்தா. குறைத்தும் என்ன, மொரிஸ் மைனர் காரில் பெண்ணும் தகப்பனும் ஏறியபிறகு ஒரு முனை கதவிடுக்கில் மாட்டி, தேவாலய வாசலில் இறங்கினால் வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புக் கிரீஸ். பெண் அழுகிறா, தகப்பன் டிரைவரை ஏசுகிறார். அம்மா பையில் துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சோக்கட்டி இருந்தது. மணலில் முழங்காலில் உட்கார்ந்து, கறுப்புத் தெரியாமல் போகும்வரை தேய் தேயென்று தேய்த்தா. கல்யாணப் படத்தில் ஒன்றும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.

இதைச் சொல்லப்போய் நேரம் போய்விட்டது. டயானா பிறகு அந்தச் சுருக்குகளை எல்லாம் விட்டுவிட்டார், அதைத்தான் சொல்ல வந்தேன். 1985-இல் வெள்ளை மாளிகையில் நடிகர் ஜோன் டிரவோல்டாவோடு ஆடினபோது போட்ட கருநீல வெல்வெட் சட்டை, விக்டர் எடெல்ஸ்டீன் தைத்தது. அதன் முன்னால்தான் கூடுதல் நேரம் நின்றேன். வெல்வெட்டை மயிர் ஒரே பக்கம் சாய வெட்டாவிட்டால் ஒரு துண்டு கறுப்பாகவும் மற்றது நீலமாகவும் தெரியும், வெட்டினவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். இதில் ஒரு துண்டுகூட நிறம் மாறவில்லை. பூவேலை கிடையாது, வெட்டுதான் எல்லாம். 1997 ஜூனில் நியூயோர்க்கில் ஏலம் விட்ட அவருடைய 79 சட்டைகளில் இதுவும் ஒன்று, பணம் புற்றுநோய்க்கும் எயிட்ஸுக்கும் வேலை செய்கிற இடங்களுக்குப் போனது. ஏலம் முடிந்து இரண்டே மாதத்தில் அவர் இறந்துபோனார்.

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டயானா தொப்பி போடமாட்டாராம், தொப்பியோடு பிள்ளையைக் கட்டிப்பிடிக்க முடியாதென்று. கையுறையும் அனேகமாக இல்லை. இது தையல்காரர் கொடுத்த யோசனை இல்லை, உடுத்தினவர் தானே கண்டுபிடித்தது.

மருதமுனைத் தறிகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: கூறைச்சேலையைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், வருடத்தில் இரண்டு தரம் மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே ஒடியும். பூச்சி உருண்டை துணியில் முட்டக் கூடாது. சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.