800 பவுண்டும் அப்பாவின் வாடகை நோட்டும்

வணக்கமுங்க. பின்னால் டொக் டொக் என்று கேட்பது பாத்திரப் பட்டறை. அனுப்பர்பாளையத்தில் அந்தச் சத்தம் இல்லாத நேரம் பார்த்து வீடியோ எடுக்க வேண்டுமென்றால் பாதி ராத்திரிக்குத்தான் எடுக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து 14 மாதமாச்சே, இன்னும் லண்டன் கிளம்பவில்லையா என்று கடைவீதியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் இருப்பது லெஸ்டர். இங்கே பிரிட்டன் முழுக்க லண்டன்தான், அதை விடுங்கள். ஏன் கிளம்பவில்லை என்பதற்குத்தான் இந்த வீடியோ. காரணம் 800 பவுண்டு.

முதலில் ஒன்று. வேலை விசாவில் போனவர் மனைவியைக் கூட்டிக்கொள்வது டிபென்டென்ட் விசா. அதற்குச் சட்டம் வேறு. நான் சொல்வது, அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியவரோ, அந்த நாட்டுக் குடிமகனோ துணையை அழைப்பதற்கான ஸ்பவுஸ் விசா. இதற்கு அங்கே இருப்பவரின் ஆண்டு வருமானம் வரி பிடிப்பதற்கு முன்னால் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11-க்கு முன்னால் இது 18,600தான். எங்களுக்குக் கல்யாணம் பேசும்போது பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு பேசியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு ஹோட்டலில் சமையல் மாஸ்டர். நாங்கள் காகிதங்களை எடுத்து வைத்தபோது அவர் சம்பளம் 28,200. கணக்குப் போட்டால் 800 குறைகிறது.

இங்கே நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், மாதம் 32,000 ரூபாய் வாங்குகிறேன். அதைச் சேர்த்தால் தாண்டிவிடுமே என்றுதான் எனக்கும் தோன்றியது. சேராது. இந்தியாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கும்போது என் சம்பளம் அவர்கள் கணக்கில் பூஜ்யம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஆனைமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. “தோப்புப் பத்திரத்தை வையம்மிணி, அதைப் பார்த்துமா நம்பமாட்டாங்க?” என்றார். நம்புவது வேறு, கணக்கில் எடுப்பது வேறு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

சரி, சேமிப்பைக் காட்டலாம் என்றால் அங்கேதான் வேடிக்கை. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 சேர்க்க வேண்டும். எங்களுக்கு 800-ஐப் பெருக்கினால் 2,000, அதோடு 16,000, ஆக 18,000 பவுண்டு. நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். 800 குறைவதற்கு 18,000! வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500. அந்தப் பணமும் ஆறு மாதம் முழுக்க நம் கைவசம், நம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அப்பாவோ மாமாவோ அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால் ஏற்பார்கள், கடனாக வாங்கியது என்றால் கிடையாது.

ஒரு ஏஜென்ட் “பத்து நாள் பேலன்ஸ் காட்டித் தர்றேன், வட்டி மட்டும் குடுங்க” என்றார். பத்து நாள் பணம் ஆறு மாதக் கணக்குக்கு எப்படி உதவும்? பொய்க் காகிதம் என்று பிடிபட்டால் பத்து வருடம் வரைக்கும் தடை. வேண்டாமுங்க.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. என் இந்தியச் சம்பளம் சேராது, ஆனால் எனக்குச் சொந்தமான வீட்டிலிருந்து வரும் வாடகை சேரும். வீடு இந்தியாவில் இருந்தாலும் சேரும், நாம் குடியிருக்கும் வீடாக மட்டும் இருக்கக்கூடாது. எங்களுக்குப் பின்பக்கம் நான்கு லைன் வீடு இருக்கிறது. வீட்டுக்கு 4,500, மாதம் 18,000 ரூபாய். வருடத்துக்கு 2,16,000. பவுண்டில் மாற்றினால் 800-ஐத் தாராளமாகத் தாண்டும். அந்த 20 லட்சத்துக்கு வேலையே இல்லை!

ஆனால் வீடு அப்பா பெயரில். விண்ணப்பிக்கும்போது சொத்து என் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் வேண்டும், 12 மாத வாடகை வங்கிக் கணக்கில் வந்தது தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் ஒரு குயர் நோட்டு. “மூணாம் நெம்பர், பாதி குடுத்தான், மீதி சம்பளத்தன்னிக்கு” என்று பென்சிலில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு அது பக்காக் கணக்கு. விசா அதிகாரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

கோபியில் இருக்கும் சித்தி, “எங்க பாப்பாவுக்கு அமெரிக்காவில் மாப்பிள்ளையோட சிநேகிதர் கூட்டு ஜாமீன் போட்டாரே” என்றார். உண்மைதான். அங்கே ஐ-864 படிவத்தில் அப்படி இன்னொருவர் பொறுப்பேற்கலாம். பிரிட்டன் சட்டத்தில் அந்த வழி எங்களுக்கு இல்லை.

கடைசியில் கைகொடுத்தது சம்பள உயர்வு. ஏப்ரலில் 30,000 ஆக்கினார்கள். உடனே போட்டுவிடலாம் என்று நான் குதித்தேன். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு, அந்த ஆறு மாதத்தில் எந்த மாதச் சம்பளம் குறைவோ அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் போடுவார்கள். மார்ச் மாதச் சம்பளச் சீட்டு உள்ளே இருந்தால் மறுபடி 28,200. அதனால் செப்டம்பர் சீட்டு வரும்வரை காத்திருக்கிறோம். அதற்குள் வேறு ஹோட்டலுக்கு மாறினால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு அங்கே தலைமைச் சமையல் மாஸ்டரோடு ஒத்துப்போகவில்லை. தினமும் போனில் நான்தான், “கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க மாமா” என்கிறேன்.

ஆறு சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு, முதலாளி கடிதம் வேண்டும். சீட்டில் கைக்கு வந்ததாக இருக்கும் தொகையே வங்கியிலும் ஏறியிருக்க வேண்டும். கடைசிச் சீட்டும் கணக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும்.

விசா கிடைத்தால் 33 மாதம். நீட்டிக்கும்போது வருமானத்தை மறுபடி காட்ட வேண்டும். அதனால் அப்பா பின்பக்க வீடு நான்கையும் என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார், ஒப்பந்தமும் போட்டாயிற்று. மூன்று வீட்டில் குடியிருப்பவர்கள் ஜிபேயில் என் கணக்குக்கே அனுப்புகிறார்கள். மூணாம் நெம்பர் மட்டும் இன்னும் பாதியைக் கையில் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுக்கிறார். அப்பாவும் நோட்டை எடுத்து எழுதுகிறார்.