"கொள்ளாம்" என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

[காட்சி: விடியற்காலை, தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை. மஞ்சள் பையில் மருத்துவமனை ஃபைலுடன் ஒரு தந்தையும் மகளும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.]

குரல்: ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். குடலில் புற்றுநோய், திருவனந்தபுரம் போய் மருந்து ஏற்றிக்கொள்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யார் நலம் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "கொள்ளாம்." பரவாயில்லை என்று பொருள். வலியில்லாமல் உறங்கிய மறுநாளும் கொள்ளாம், இரவெல்லாம் வாந்தி எடுத்த மறுநாளும் கொள்ளாம். கட்டியின் அளவை ஸ்கேன் மில்லிமீட்டரில் சொல்லிவிடும். இந்தக் "கொள்ளாம்" எவ்வளவு என்று யார் சொல்வது?

1940களின் கடைசியில் வந்த கார்னோஃப்ஸ்கி அளவுகோலில் மருத்துவரே மதிப்பெண் போட்டார். நோயாளி நடமாடுகிறாரா, பிறர் துணை வேண்டுமா என்பது அதில் தெரியும். உறக்கம் வந்ததா, கையில் காசு இருக்கிறதா என்பது தெரியாது.

[திரையில்: கேள்வித்தாள்]

1993இல் வெளியான கியூ.எல்.கியூ. சி-30, பேனாவை நோயாளியின் கையில் கொடுத்தது. புற்றுநோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பாவில் உருவான 30 கேள்விகள்; தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கின்றன. சுமை தூக்குவதில் தொடங்கி, மூச்சுத்திணறல், பசி, மலச்சிக்கல், கவலை என்று போகும். 28ஆவது கேள்வி பணத்தைப் பற்றியது: நோயாலோ சிகிச்சையாலோ பண நெருக்கடி வந்ததா? "இல்லவே இல்லை" என்றால் 0, "கொஞ்சம்" என்றால் 33, "கணிசமாக" என்றால் 67, "மிக அதிகமாக" என்றால் 100. இங்கே 100 வாங்கினால் கொண்டாட ஒன்றுமில்லை. வலி, வாந்தி, பணக்கஷ்டம் போன்றவற்றில் எண் கூடினால் துன்பம் கூடுகிறது. நடமாட்டம், மனநிலை போன்றவற்றில் எண் கூடினால் நலம் கூடுகிறது. பாதிப் பேர் குழம்பும் இடம் இதுதான்.

[காட்சி: மருத்துவமனை வராந்தா. மகள் பேனாவை வாங்கப் பார்க்கிறாள்.]

"கொடுங்கள் அப்பா, நான் எழுதுகிறேன்."

பாசம்தான். ஆனால் உறவினர் நிரப்பும் தாளில் துன்பம் பெரும்பாலும் கூடுதலாகவே தெரிகிறது. பேனா அப்பாவிடமே இருக்கட்டும்.

அவருடைய உண்மையான தொல்லையோ இந்த 30 கேள்விகளில் இல்லை. குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து விரல் நரம்புகளைத் தாக்கும். குளிர்ந்ததைத் தொட்டால் ஊசி குத்தும். விடியற்காலையில் இரும்புக் கத்தி எவ்வளவு குளிர்ந்திருக்கும்! பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் தப்பினால் மரத்தில் காயம் விழும். மரத்துப்போன விரலுக்கு அந்த ஆழம் தெரியாது. இந்த நரம்புத் தொல்லைக்கென்றே 20 கேள்விகள் கொண்ட தனித்தாள் இருக்கிறது. கேட்டு வாங்கினால்தான் கைக்கு வரும்.

இப்படிக் கேட்பதால் பலன் உண்டா? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேர் இருந்தார்கள். தம் உபாதைகளைக் கணினி வழியே தாமே தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் கடந்த காலம்) 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26.

அளப்பது ஒன்று, விலை வைப்பது வேறு. "இந்த நிலையில் 10 ஆண்டுகளா, முழு நலத்தோடு 6 ஆண்டுகளா?" இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால், அந்த நிலையின் மதிப்பு 0.6. ஒரு புதிய மருந்துக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்ற கணக்கு பல நாடுகளில் இந்த எண்ணில்தான் ஓடுகிறது. அதற்கான ஈ.க்யூ-5டி என்ற சிறு கேள்வித்தாளில் வரும் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் இந்தியப் பட்டியல் 2022இல் வெளிவந்தது. இந்த விலையை வைப்பவர்கள் பெரும்பாலும் பொதுமக்கள், நோயாளிகள் அல்லர். வரிப்பணம் எல்லாருடையது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். எனக்கு அது பாதிதான் செரிக்கிறது.

[காட்சி: அப்பா தாளை நீட்டுகிறார்.]

ஆறாவது கேள்வி: கடந்த ஒரு வாரத்தில் வேலை செய்வதில் தடை இருந்ததா? அவர் வட்டமிட்டது "இல்லவே இல்லை."

"என்ன அப்பா இது? கத்தியைப் பிடிக்கவே முடியவில்லை என்றீர்களே?"

"ஒரு வாரமாக மழை, மகளே. யார் வெட்டப் போனார்கள்?"