வலிக்காது என்று சொல்லாதீர்கள்

(கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோர் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. என் மகனுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான். இரண்டரை ஆண்டு சிகிச்சை. அவனைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அம்மாவாகத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை தொடங்கிய மூன்றாவது வாரம். மருத்துவமனை என்றாலே அழுகிறானே என்று, "பார்க்குக்குப் போகலாம் வா" என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன். மருத்துவமனை வாசலைப் பார்த்ததும் அவன் அழவில்லை. என் கையை விட்டுவிட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம், நிஜமாகவே பார்க்குக்குக் கூப்பிட்டாலும் செருப்பைப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவான். ஊசியின் வலி அன்றைக்கே போய்விட்டது. நான் சொன்ன பொய் போகவில்லை.

அதனால், "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "சுருக்கென்று வலிக்கும், நான் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நீ அழலாம், கையை மட்டும் ஆட்டாதே" என்று சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தோலில் தடவும் மரப்புக் கிரீம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். குழந்தை எதைத் தீர்மானிக்க முடியுமோ அதை அவனிடம் விட்டுவிடுங்கள். மடியில் உட்காருவதா, கட்டிலில் படுப்பதா? மருந்துக்கு அப்புறம் எந்தக் கதை? ஆனால் "மருந்து சாப்பிடுறியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மாட்டேன்" என்று அவன் சொன்னால் அதை நம்மால் ஏற்க முடியாதே. ஏற்க முடியாத பதிலுக்கு ஏன் கேள்வி?

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பயம் உண்டு, வாயைத் திறந்து சொல்லாது. தான் சேட்டை செய்ததால்தான் இப்படி ஆனது, இது தண்டனை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. இது நீ செய்த எதனாலும் வரவில்லை. இது தொட்டால் ஒட்டாது. முடி விஷயமும் அப்படித்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் பார்த்து அவன் திடுக்கிடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், திரும்ப வளரும் என்பதையும் சேர்த்து.

இனி, காய்ச்சல். இன்று வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கீமோ கொடுத்து ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை 500க்குக் கீழே போனால், சாதாரணமாகச் சீழ் பிடித்துச் சிவக்கும் இடம்கூடச் சிவக்காமல் போகலாம். சண்டை போட ஆளே இல்லையே! அந்த நேரத்தில் உடம்பு நமக்குத் தரும் தகவல் பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான். பாரசிட்டமால் கொடுத்தால் அந்தத் தகவலையும் மறைத்துவிடுகிறோம். கிருமி உள்ளேயே இருக்கும், தெர்மாமீட்டர் மட்டும் நல்ல எண்ணைக் காட்டும்.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். சில இடங்களில் இந்த எண் சற்று மாறும். உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணை எழுதி வாங்கிக் கதவில் ஒட்டிவையுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதோ மருந்து வைப்பதோ கூடாது. காய்ச்சலே இல்லாமல் குழந்தை சுருண்டு படுத்திருந்தாலும், குளிரில் நடுங்கினாலும் கூப்பிடுங்கள். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு 38.4 பார்த்துவிட்டு, விடியட்டும் என்று நான் காத்திருந்தேன். விடியும்போது அவன் கையும் காலும் சில்லிட்டிருந்தன. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. யாரையும் நடு ராத்திரியில் எழுப்பத் தயங்காதீர்கள். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. 1978இல் இலீன் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். கீமோவுக்கு முன்னால் குழந்தைகளுக்கு ஒரு புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுத்தார். பிறகு பார்த்தால், வயிற்றைப் புரட்டும் மருந்து எடுத்த குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தச் சுவையை ஒதுக்கினார்கள். ஆகவே டிரிப்ஸ் ஏறும் நாளில், பாவம் என்று அவனுக்கு மிகவும் பிடித்ததைச் செய்து கொடுக்காதீர்கள். வாந்தி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பிடித்ததை நல்ல நாளுக்கு வைத்திருங்கள்.

கீமோ கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு நாள் வாந்தி, சிறுநீர், டயப்பரைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே வேண்டாம். ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரங்களில் குழந்தை கத்தும், நடு ராத்திரியில் பசி என்று எழுப்பும். அது மருந்தின் வேலை. அடம் என்று திட்டிவிடாதீர்கள்.

டாக்டரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். யாராவது ஒருவர் வந்து, "இது வெறும் செடிதானே, கெடுதல் செய்யாது" என்று ஒரு பொடியைக் கையில் கொடுப்பார். அன்பினால்தான் கொடுப்பார். ஆனால் நம் குழந்தைகளுக்கு ஏறும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். நித்தியகல்யாணி! அந்த மருந்தே மலச்சிக்கல் தருகிறது, தாடையில் வலி தருகிறது, பாதத்தைத் தளர்த்துகிறது. செடி என்பதால் எதுவும் சாது ஆகிவிடாது. கொடுக்க நினைத்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், விட்டுப்போன மாத்திரை. குழந்தை ஓடி விளையாடத் தொடங்கியதும், இன்னும் எதற்கு மாத்திரை என்று தோன்றும். 1948இல் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு ஒரே ஒரு மருந்தை வைத்துச் சிகிச்சை கொடுத்ததை எழுதினார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. ஆனால் நிலைக்கவில்லை, திரும்ப வந்தது. அந்தக் குழந்தைகளிலும் நடுவில் எழுந்து விளையாடியவர்கள் உண்டு. பல மருந்துகளைச் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டு விடாமல் கொடுப்பதால்தான் இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். நாம் மறைத்தால் அவர் போடும் கணக்கே தப்பாகும். வாந்தி எடுத்துவிட்டால் கேட்காமல் இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள்.

கடைசியாக என் மகளைப் பற்றி. அப்போது அவளுக்கு ஏழு வயது. எல்லோரும் தம்பியைப் பார்த்தோம், அவள் தானாகப் பள்ளிக்குக் கிளம்பினாள், தானாகச் சாப்பிட்டாள். எவ்வளவு சமர்த்து என்று எனக்கு நிம்மதி. எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். நோய் தெரிவதற்கு முந்தைய வாரம் சண்டையில் அவனைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டாளாம். மறுநாள் அவன் காலில் நீலமாகக் கன்றியிருந்ததாம். அதனால்தான் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். லேசாகப் பட்டாலே கன்றுவது அந்த நோயின் ஓர் அறிகுறி என்று அவளுக்கு யார் சொன்னோம்? அவளைப் பக்கத்தில் இழுத்துப் படுக்கவைத்து, தம்பிக்குச் சொன்ன அதே மூன்று விஷயங்களை அவளுக்கும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.