தோல் சட்டை போட்ட மெட்டல் ஆல்பம்! கம்பெனி வச்ச செக்கும் லெம்மி ஒளிச்சு வச்ச நாலு பாட்டும்

மக்களே வணக்கம். ஒரு ஆல்பம் இருக்கு, அதுக்கு உறை அட்டையில இல்ல, நெசமான தோல்ல போட்டு ஒரு எடிஷன் வித்திருக்கானுவ. உள்ள ரெண்டு எல்பி, அதாவது ஊசி வச்சு கேக்குற பெரிய ரெக்கார்டு தட்டு, 24 பாட்டு. ஆனா தோலு பெரிய விஷயமே இல்ல, பேண்டு கதை முடிஞ்சுதுன்னு கம்பெனி கணக்குப் போட்டுக் கேட்ட ஆல்பத்த வச்சே அந்த பேண்டு ஆளு கம்பெனிக்கு பதில் சொன்னாரு பாருங்க, அதான் விஷயம். கடைசில கோர்ட்டு கேஸும் உண்டு, ஸ்கிப் பண்ணாதீங்க.

(ஸ்கிரீன்ல கருப்பு கவர்)

பேண்டு மோட்டார்ஹெட், இங்கிலாந்துக்காரங்க. ஆல்பம் நோ ரிமோர்ஸ், 1984. பழைய கதைய ஓட்டி விட்டுருகேன்: லெம்மின்னு ஒருத்தர், பாடுறதும் அவரு, பாஸ் கிடாரும் அவரு, 1975ல ஹாக்விண்ட் பேண்டுல இருந்து தூக்குனாங்க, உடனே இத ஆரம்பிச்சாரு, 1980ல ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் ஆல்பம், 1981ல லைவ் ஆல்பம் இங்கிலாந்துல நம்பர் ஒன். போதும். ஹெவி மெட்டல்னு சொன்னா லெம்மி ஒத்துக்கவே மாட்டாரு, நாங்க வாசிக்கிறது ராக் அண்ட் ரோல்னு மேடைக்கு மேடை சொல்லுவாரு, ஆனா செர்ச்சுல வீடியோ வரணும்லா, அதான் தலைப்புல மெட்டல்னு போட்டிருக்கு.

செரி, 1984க்கு வாங்க. கிடார் வாசிச்ச பிரையன் ராபர்ட்சன் முன்னாலயே போயாச்சு. கிடாருக்கு ஆள் தேடி ஆடிஷன் வச்சா ஃபில் கேம்பல், வுர்சல்னு ரெண்டு பேரு நல்லா வாசிக்காங்க, ஒருத்தர எடுக்கணும், லெம்மி ரெண்டு பேரையும் எடுத்துட்டாரு, சோலி முடிஞ்சு. அதுக்கப்புறம் டிரம்ஸ் ஃபில் டெய்லரும் போயிட்டாரு, அந்த இடத்துக்கு சாக்சன் பேண்டுல வாசிச்ச பீட் கில். பழைய ஆளுன்னா லெம்மி மட்டும்தான் மிச்சம். இந்தப் புது கூட்டத்து மேல இவங்க ஆல்பத்த வெளியிட்ட ப்ரான்ஸ் (Bronze) ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு நம்பிக்கை இல்ல, பழைய பாட்ட எல்லாம் ஒண்ணா போட்டு ஒரு தொகுப்பு விடுவோம்னு நிக்காங்க. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு வந்தாலே பாதி நேரம் இதான் அர்த்தம், மாலை போட்டு அனுப்பி வைக்கிற ஏற்பாடு.

லெம்மிக்கு அது புரிஞ்சு போச்சு. போடுங்க, ஆனா பாட்ட நான்தான் எடுப்பேன், புது ஆளுங்கள வச்சு புது பாட்டும் சேப்பேன்னுட்டாரு. நாலு புது பாட்டு: கில்ட் பை டெத், ஸ்னாகில்டூத், ஸ்டீல் யுவர் ஃபேஸ், லோகோமோடிவ்.

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது, சவுண்டு கூட்டிக்கிடுங்க. ரெண்டு எல்பின்னா நாலு பக்கம், பக்கத்துக்கு ஆறு பாட்டு. அந்த நாலு புது பாட்டையும் ஒரே பக்கத்துல குமிச்சு வைக்கல, ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டா ஒண்ணு ஒண்ணு. நாகர்கோவில்லயும் மார்த்தாண்டத்துலயும் கேசட் ரெக்கார்டிங் கடை இருந்த காலத்து ஆளுங்களுக்கு இது சட்டுனு பிடிபடும், 2கே பிள்ளேள் வீட்ல மாமாட்ட கேளுங்க. தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதி 60 நிமிஷ கேசட்டுக்குக் குடுப்போம், ஒரு பக்கம் அரைமணி, நம்ம பாட்டெல்லாம் முடிஞ்சும் டேப்பு மிச்சம் கெடந்தா கடைக்கார அண்ணன் சும்மா விடமாட்டாரு, அவருக்குப் பிடிச்ச ஒரு பாட்ட வால்ல ஒட்டி விட்டுருவாரு. நீங்க கேக்கவே இல்ல, காசும் குடுக்கல, ஆனா பத்து நாள் கழிச்சு பாத்தா வாய்ல முணுமுணுக்கது அந்தப் பாட்டுதான். லெம்மி செஞ்சதும் அந்த வேலைதான், பழைய ஹிட்டுக்காக ஊசிய வச்சவன் பக்கத்தத் திருப்ப எந்திரிக்கதுக்கு முன்னாடி புது ஆளுங்க வாசிக்கத கேட்டுத்தான் ஆகணும். கம்பெனி பேண்டு முடிஞ்சுதுன்னு சொல்லுது, பக்கத்துக்குப் பக்கம் முடிவுல பேண்டு இன்னும் இருக்குன்னு சொல்லுது. இதுக்கே ஒரு லைக் போடலாம் லேய்.

இப்ப ஆன்லைன்ல இந்த ஆல்பத்த ஷஃபிள் போட்டு கேக்குறவங்கள நான் ஒண்ணும் சொல்லல, சவத்த விடுங்க, ஆனா இந்த வித்தை மொத்தமும் அங்க காலி.

எல்லாம் ஹிட்டு மட்டும்னு நெனைக்காதீங்க. கேர்ள்ஸ்கூல்னு பொம்பளைப் பிள்ளேள் பேண்டு கூட சேந்து 1981ல பண்ணுன ப்ளீஸ் டோண்ட் டச் இருக்கு, ஆல்பத்துல இல்லாம தனி ரெக்கார்டா, சிங்கிளா மட்டும் வந்த லூயி லூயி இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் லெம்மியே குறிப்பு எழுதிருக்காரு.

தோல் உறைய பத்தி ஒண்ணு. வாங்கி வைக்க ஆசைப்படுறவங்க யோசிச்சுக்கிடுங்க, நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துல ரெண்டு பருவமழை, அலமாரில கெடக்க பெல்ட்டுக்கே ஆடி மாசம் வெள்ளையா பூசணம் பிடிக்குது. குலசேகரம், திற்பரப்பு பக்கம் உள்ளவங்க அட்டை உறையே வாங்குங்க.

கோர்ட்டு கேஸு: ஆல்பம் வந்த பிறகு பேண்டுக்கும் ப்ரான்ஸ் கம்பெனிக்கும் வழக்கு முத்தி, அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வர 1986 ஆச்சு. அதுலயும் இதே நாலு பேருதான். ஃபில் கேம்பல் 2015 டிசம்பர்ல லெம்மி சாகுற வரைக்கும் கூடவே இருந்தாரு, பேண்டும் அதோட நின்னுச்சு. தொகுப்பு போட்டு அனுப்ப நெனச்ச கம்பெனி எப்பமோ கடைய மூடிட்டு.

நாலுல எனக்கு லோகோமோடிவ்தான், எல்லாரும் கில்ட் பை டெத்துனு வருவீங்கன்னு தெரியும், வாங்க கமெண்ட்ல பாத்துக்கிடுவோம். குளச்சல், தக்கலை, கருங்கல்ல மெட்டல் கேக்குற ஆளு இருந்தா ஊர் பேர் போடுங்க.